மழையில் நனையும் கொரியாக்காரனுக்கு என் குரல்

வேலையில் சேர்ந்த முதல் நாளே எனக்குக் காதலன் பதவி கிடைத்தது. காதலன் கொரியாக்காரன், இருபத்தைந்து வயது, ஒல்லி, நெற்றியில் விழும் முடி. எனக்கு நாற்பத்தெட்டு. முடி விழுந்த விஷயத்தில் மட்டும் எங்களுக்குள் ஒற்றுமை இருந்தது.

பாரிஸின் லா சப்பலில், ஒரு பாத்திரக் கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில் எங்கள் டப்பிங் ஸ்டுடியோ. ஸ்டுடியோ என்றால் ஒரு படுக்கையறை. சத்தம் எதிரொலிக்காமல் இருக்கச் சுவரெல்லாம் மெத்தையும் போர்வையும் அடித்திருந்தோம். முதலாளி சிவநேசன் அண்ணை. ஒலிப்பதிவாளர் பீற்றர், புதுச்சேரிக்காரர். கதாநாயகிக்குக் குரல் கொடுத்தவர் சுமதி, வன்னியிலிருந்து வந்தவர். காலையில் ஹோட்டல் அறைகளைத் துப்புரவு செய்துவிட்டு மத்தியானம் எங்களிடம் வருவார்.

நான் அதுவரை கோயில் திருவிழாக்களில் அறிவிப்பாளன். "அடியார்கள் வரிசையில் வரவும்" என்று சொல்லிப் பழகிய குரல். காதலையும் அப்படித்தான் அறிவித்தேன்.

பொய் சொன்னால் மழை

எங்களுக்கு வந்தது நான்கு பாகக் கொரியக் குட்டி நாடகம். தொலைக்காட்சியில் வானிலை வாசிக்கும் ஒருவன். அவன் பொய் சொன்னால் அவன் தலைக்கு மேலே மட்டும் மழை கொட்டும். உடுப்புக் காயப்போட ஒரு சலவைக் கடைக்குப் போவான். போகப் போக, அந்தக் கடைக்காரியைப் பிடித்துவிடும். பிடிக்கவில்லை என்று அவளிடம் பொய் சொல்லவும் வழியில்லை, நனைந்துவிடுவான்.

ஒரு தமிழ்த் தொலைக்காட்சி முதல் பாகத்தை மட்டும் பரீட்சையாகத் தந்திருந்தது. பிடித்தால் மற்றப் பாகங்களும், தொடர்ந்து வேலையும். பிடிக்காவிட்டால் எல்லாம் சென்னைக்குப் போகும். வேலை கிடைத்தால் சுமதிக்கு 'செடேஇ', அதாவது நிரந்தர வேலை ஒப்பந்தம், எழுதித் தருவதாகச் சிவநேசன் அண்ணை சொல்லியிருந்தார். ஹோட்டலில் அவருக்குக் கிடைத்ததெல்லாம் மாதத்துக்கு மாதம் புதுப்பிக்கும் வேலை. கிளிநொச்சியில் இருந்த கணவரைக் கூப்பிட நிரந்தர வேலை தேவை. எனவே என் காதல் சரிவராவிட்டால் இன்னொருவரின் குடும்பம் பிரிந்தே கிடக்கும். அந்த வயதில் இப்படி ஒரு பொறுப்பை நான் எதிர்பார்க்கவில்லை.

இரண்டு மெத்ரோவுக்கு நடுவே

எங்கள் ஜன்னலுக்கு எதிரே மெத்ரோ ரயில் பாலத்தின் மேல் இரைந்தபடி ஓடும். ஒரு ரயில் போய் அடுத்தது வருவதற்குள் காதலைச் சொல்லி முடிக்க வேண்டும். நான் உருகத் தொடங்கும்போதே அடுத்தது வந்துவிடும்.

"அண்ணே, பையன் வாயை மூடிட்டான். உங்க குரல் இன்னும் போயிட்டே இருக்கு," என்பார் பீற்றர்.

சிவநேசன் அண்ணையிடம் ஒரு சட்டம் இருந்தது. கடைக்காரர், பொலிஸ், பக்கத்து வீட்டுக்காரர் எல்லாம் எங்கள் யாழ்ப்பாணத் தமிழில் பேசலாம். காதலர்கள் மட்டும் சென்னை சினிமாத் தமிழ்தான்.

"எங்கடை தமிழிலை ஆர் காதலிக்கிறது? சனம் சிரிக்கும்," என்றார்.

நாங்களும் தலையாட்டினோம். எங்கள் எல்லாருக்கும் கலியாணமாகிப் பிள்ளைகளும் இருந்தார்கள். எந்தத் தமிழில் அதெல்லாம் நடந்தது என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

செய்து அனுப்பினோம். தொலைக்காட்சிப் பொறுப்பாளர் நேரிலேயே வந்துவிட்டார்.

"அண்ணை, குறை நினைக்காதையுங்கோ. இவை ரெண்டு பேரும் காதலிக்கினம் எண்டு நம்பேலாமக் கிடக்கு. ஆரோ மேடையிலை வாழ்த்துப்பா வாசிக்கிற மாதிரி இருக்கு."

வாழ்த்துப்பா நான்தான். இன்னொரு வாய்ப்புத் தருவதாகவும், வரும் செவ்வாய்க்கிழமை பின்னேரம் வந்து கேட்பதாகவும் சொல்லிப் போனார்.

கடைசிக் காட்சி

செவ்வாய் மத்தியானமும் கடைசிக் காட்சி சரிவரவில்லை. அவன் கடை வாசலில் நின்று "உன்னை எனக்குப் பிடிக்காது" என்பான். மழை கொட்டும். அவள் "என் இதயத்தின் மழையே நீதான்டா" என்று சொல்ல வேண்டும். சுமதி சொல்லிச் சொல்லிக் களைத்துவிட்டார். ஹோட்டலில் குளியலறை தேய்த்த களைப்பு வேறு.

"எனக்கு வராது அண்ணை. வேற ஆரையும் பிடிக்கச் சொல்லுங்கோ," என்றார். கண் கலங்கியிருந்தது.

எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. பகிடி மட்டும்தான் தெரியும். "தங்கச்சி, உம்மடை மனிசன் உப்பிடி நனைஞ்சு வாசல்லை நிண்டா 'இதயத்தின் மழையே' எண்டோ சொல்லுவீர்?"

"ச்சீ. ஏசுவன்."

"என்னெண்டு?"

சுமதி திரையைப் பார்த்தார். "உள்ளுக்கை வாங்கோ. ஆருக்கு வடிவு காட்ட உதிலை நிக்கிறியள்? தலையைத் துடையுங்கோ. சாப்பிட்டனீங்களோ?"

பீற்றர் நிமிர்ந்தார். "மதாம், அதையே மைக்ல சொல்லுங்க."

படத்தை ஓடவிட்டார். சுமதி சொன்னார். கொரியாக்காரியின் வாயில் அது அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி உட்கார்ந்தது. இப்போது காதலன் பதில் சொல்ல வேண்டும். எழுதி வைத்திருந்த கவிதை அங்கே பொருந்தாது. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"ஓம், சாப்பிட்டன்."

"என்ன கறி?" சுமதி விடவில்லை.

"கோழி."

திரையில் மழை இன்னும் கொட்டிக்கொண்டிருந்தது. சுமதி அதைப் பார்த்துவிட்டு, மெதுவாக, "பொய். மழை விடேல்லையே," என்றார்.

பீற்றர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அந்தக் குரல் எனக்கானதல்ல, கொரியாக்காரனுக்கானதுமல்ல.

சிவநேசன் அண்ணை கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்தார். "காதல் காட்சியிலை கோழிக்கறியோ? எங்களை நாறடிக்கப் போறியள்!" மாற்ற நேரமில்லை. பொறுப்பாளர் படியேறிக்கொண்டிருந்தார்.

அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். சுமதி கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டிருந்தார். காட்சி முடிந்தது. "இன்னொருக்காப் போடுங்கோ," என்றார் பொறுப்பாளர். மறுபடி கேட்டார். பிறகு எழுந்து ஜாக்கெட்டைப் போட்டார்.

"மிச்சத்தையும் உப்பிடியே செய்யுங்கோ."

நான் சுவர் மெத்தையோடு சாய்ந்துவிட்டேன். சிவநேசன் அண்ணை மட்டும் அசையவில்லை. "நான் அப்பவே சொன்னனான், எங்கடை தமிழ்தான் சரியெண்டு," என்றார்.

சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். அந்த வாரமே சுமதியின் ஒப்பந்தத்தில் கையெழுத்து விழுந்தது. நாடகம் ஒளிபரப்பானபோது என் மனைவி பார்த்துவிட்டு, "அந்தப் பெடியன் வடிவாக் கதைக்கிறான், ஆர் குரல் குடுத்தது?" என்று கேட்டார். சொன்னேன். இன்றுவரை நம்பவில்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்வது இதுதான். வசனத்தைக் கையில் வாங்கியதும், உங்கள் வீட்டில் இதை யார் யாரிடம் எப்படிச் சொல்லுவார்கள் என்று கேளுங்கள். ஒருவரும் சொல்லமாட்டார்கள் என்றால் வசனத்தை மாற்றுங்கள்.

சுமதியின் கணவர் வந்த நாளில் விமான நிலையத்துக்கு என் காரில்தான் போனோம். நல்ல குளிர். அவர் மெல்லிய ஷேர்ட்டோடு ட்ரொலியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார். இத்தனை வருடத்துக்குப் பிறகு சுமதி என்ன சொல்லப்போகிறார் என்று நான் தொழில்முறையாகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

"உங்களுக்கு விசரே? சுவெற்றர் ஒண்டைப் போட்டுக்கொண்டு வாங்கோ எண்டெல்லோ சொன்னனான்!"

கணவர் வாய் நிறையச் சிரித்தார். நான் காரை எடுத்துவரப் போனேன்.