செவலைக் கோழியின் இரைப்பை

கல்யாணமாகித் திருவரங்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் நான் குடித்தனம் வைத்தது அறுபதுகளின் தொடக்கத்தில். கணவருக்கு ஆபீஸில் குமாஸ்தா வேலை. கோழி வளர்ப்பைப் பற்றிய சின்னப் புத்தகம் ஒன்றை ஒருநாள் அவர் கொண்டுவந்து போட்டார். எங்கள் தெருவில் எழுத்துக் கூட்டாமல் படிக்கத் தெரிந்த பெண் நான் ஒருத்திதான். பாதிப் புத்தகம் படித்த தைரியத்தில், புல்லும் நாருமாகத் தின்று இரைப்பை கல்லாகிப்போன ஒரு கோழிக்கு நல்லெண்ணெய் புகட்டி, கழுத்தடியை நீவி நீவிக் கரைத்துவிட்டேன். கோழி பிழைத்துக்கொண்டது. அதன்பிறகு எந்தக் கோழி சோர்ந்து நின்றாலும் என்னிடம் தூக்கி வந்தார்கள். அது எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்று சொல்ல இப்போது கூசுகிறது.

வேலிக்கு அந்தப்பக்கத்து வீட்டில் ஓர் அக்கா. என்னைவிட இருபது வயதாவது மூத்தவர். அவரும் அவர் கணவரும் கூலி வேலைக்குப் போவார்கள். குழந்தை இல்லை. ஒரு செவலைக் கோழியும் அதன் வயிற்றில் பிறந்து, முட்டையிடும் பருவத்தை எட்டிய நான்கு வெடைகளும் அந்த வீட்டில் திரிந்தன. அக்கா அவற்றோடு பேசிக்கொண்டே வாசல் தெளிப்பார்.

கடலை பறிப்பு நடந்துகொண்டிருந்த ஒரு காலையில் செவலையை மடியில் அணைத்துக்கொண்டு வந்தார்.

"தங்கச்சி, ரெண்டு நாளா எரை எடுக்க மாட்டேங்குது. கழுத்துல பாரு, பை மாதிரித் தொங்குது. நான் காட்டுக்குப் போகணும். செத்த பாத்துக்கிறியா?"

"வச்சுட்டுப் போங்கக்கா. சாயங்காலம் தீனி பொறுக்கும் பாருங்க."

அவர் போனதும் தொட்டுப் பார்த்தேன். முன்பு பார்த்த கோழியின் இரைப்பை கல் மாதிரி இருந்தது. இது தண்ணீர் கட்டிய துணி மாதிரி தளதளவென்று ஆடியது. வாயைத் திறந்தால் புளித்துப்போன நீராகாரத்தின் வாடை. வேறு ஏதோ என்று உள்ளுக்குள் பட்டது. புத்தகத்தை எடுத்துப் பார்த்திருக்கலாம். அடுப்பங்கரை மாடத்தில்தான் இருந்தது. எனக்குத்தான் தெரியுமே என்று எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்தேன்.

தலையை நிமிர்த்திப் பிடித்து எண்ணெயை ஊற்றினேன். மேலே வெந்நீரும் ஊற்றினேன். பிறகு இரைப்பையை அழுத்தினேன். உள்ளே கிடந்த புளித்த நீர் அப்படியே மேலேறி மூச்சுக்குழலை அடைத்திருக்க வேண்டும். கோழி இரண்டு முறை திமிறியது. கால்கள் விறைத்தன. என் மடியிலேயே அடங்கிவிட்டது. அதன் அலகிலிருந்து வழிந்தது என் புடவையில் ஊறிக்கொண்டிருக்க, நான் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

சாயங்காலம் அக்கா மண் அப்பிய கால்களோடு நேரே என் வாசலுக்கு வந்தார்.

"எரை எடுத்துச்சா?"

"போயிருச்சுக்கா. சீக்கு முத்திப் போயிருந்துச்சு. ஒண்ணும் செய்ய முடியலை."

வேலிக்கு அந்தப்பக்கம் மேய்ந்துகொண்டிருந்த வெடைகளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "ஒட்டுவாரொட்டியா தங்கச்சி? மத்ததுக்கும் பரவுமா?" என்று கேட்டார்.

இல்லை என்றால், பின் எதனால் செத்தது என்று கேட்பாரோ என்று பயந்தேன். தலையை ஆட்டினேன். "பரவும்க்கா" என்று வாயாலும் சொன்னேன்.

மறுநாள் விடிந்ததும் அக்காவின் கணவர் கொல்லையில் குழி வெட்டிக்கொண்டிருந்தார். அக்கா ஒரு கூடையோடு பக்கத்தில் நின்றார். வேலியோரம் போய், "என்னக்கா செய்யிறீங்க?" என்று கேட்டேன்.

"சீக்குக் கோழிய இன்னொருத்தருக்கு விக்க மனசு வரலை. வச்சிருந்தா ஒன் கோழிக்கும் பரவிரும். நீ ஏழெட்டு வச்சிருக்கியே. அதான் முடிச்சுரலாம்னு..."

நான்கு வெடைகளும் கூடைக்குள் கொக்கரித்துக்கொண்டிருந்தன. நல்ல பளபளப்பான கோழிகள். ஒன்று அந்த வாரம்தான் முதல் முட்டை இட்டிருந்தது. 'வேண்டாம்' என்ற ஒரு சொல் போதும். நான் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். ஒவ்வொன்றாகச் சத்தம் அடங்கியது காதில் விழுந்தது.

அன்று மத்தியானம் புத்தகத்தின் மீதிப் பாதியைப் படித்தேன். காலையில் தீனி போடுமுன் இரைப்பையைத் தொட்டுப் பார்க்க வேண்டும், வெறுமையாக இருந்தால் நல்லது என்று போட்டிருந்தது. கல் மாதிரி இருந்தால்தான் எண்ணெய், அதுவும் அலகோரத்தில் துளித்துளியாக. தளதளவென்று புளித்த வாடை அடித்தால் எண்ணெயும் கூடாது, அழுத்தவும் கூடாது. ஒருநாள் தீனியை நிறுத்தித் தண்ணீர் மட்டும் வைத்து, பிறகு மோர் விட்டுப் பிசைந்த சோறு கொஞ்சம் கொஞ்சமாக. இவ்வளவுதான்.

மார்கழியில் என் கோழி ஒன்றுக்கு அதே புளிப்பு வந்தது. எழுதியிருந்தபடியே செய்தேன். மூன்றாம் நாள் குப்பையைக் கிளறிக்கொண்டு நின்றது. அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. முட்டையிடும் பருவத்தில் இருந்த இரண்டு வெடைகளைக் கூடையில் போட்டுக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். நான்தான் கொன்றேன் என்பதையும், பரவும் என்றது பொய் என்பதையும் தரையைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தேன்.

அவர் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். முறம் நின்றது.

"செவலை போனது போகட்டும். தெரியாமச் செஞ்சே. மத்த நாலுக்கும் ஒண்ணுமே இல்லையா?"

"இல்லைக்கா."

"குழி வெட்டுறப்ப வேலிகிட்ட நின்னியே?"

நான் கூடையை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"கூடையத் தூக்கிட்டுப் போ தங்கச்சி."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. தூக்கிக்கொண்டு திரும்பினேன்.

அதன்பின் நாங்கள் அந்த ஊரில் ஐந்து வருஷம் இருந்தோம். அக்கா என்னோடு பேசாமல் இல்லை. கிணற்றடியில் பார்த்தால் "சாப்பிட்டியா" என்பார். என் பிரசவத்தின்போது முதலில் ஓடிவந்ததும் அவர்தான். ஆனால் கோழி மட்டும் மறுபடி வளர்க்கவில்லை. நடந்ததைத் தெருவில் ஒருவரிடமும் சொல்லவுமில்லை. அதனால் தெருக்காரர்கள் கோழியைத் தூக்கிக்கொண்டு என்னைத் தேடி வருவது நிற்கவில்லை. "ஒனக்குக் கைராசி" என்பார்கள். வேலிக்கு அந்தப்பக்கம் அவர் வாசல் கூட்டும் சத்தம் கேட்கும். நான் குனிந்து கோழியின் கழுத்தைத் தடவிக்கொண்டிருப்பேன்.