எந்த வால்வுங்க?

போத்தனூர் பேக்கரியில் பன்னைவிட வதந்தி சூடாகக் கிடைக்கும். போன மாதம் கிடைத்தது இது: சோமனூர் லாரிக்காரர் ரங்கராஜ், சம்சாரத்தின் இதயத்துக்கு வால்வு மாற்றச் சொன்னால் லாரிக்கு வால்வு மாற்றினாராம். அந்த அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார். லாரி ஓடுகிறது.

"அப்படியேதானுங்க," என்றார் தேவானந்தம். ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். ஞாயிறு சர்ச்சில் முதல் வரிசை, மற்ற நாளெல்லாம் பேக்கரியில் முதல் பெஞ்சு. "எஞ்சின் மேல இருந்த அக்கறை பொஞ்சாதி மேல இல்லாமப் போச்சு பாருங்க."

"நீங்க பாத்தீங்களா?" என்றேன்.

"பாத்தவருகிட்டக் கேட்டவரு எனக்குச் சொன்னாருங்க. அதுக்கு மேல என்னங்க வேணும்?"

வேறொன்றும் வேண்டாம்தான். இருந்தாலும் வால்வை விற்றவரை ஒரு நடை பார்த்துவிடலாமென்று உக்கடம் பக்கம் போனேன். அங்கே லாரி சாமான் கடை வைத்திருப்பவர் இல்யாஸ்.

"வித்தது நெசமுங்க. புருசனும் பொஞ்சாதியும் சேர்ந்துதான் வந்தாங்க," என்று மூன்று சாமான்களை மேசைமேல் எடுத்து வைத்தார். எஞ்சினின் எண்ணெய்த் தொட்டியை அடியில் அடைக்கும் சாதா போல்ட்டு ஒன்று. நுனியில் காந்தம் வைத்த போல்ட்டு இன்னொன்று. எண்ணெயில் சுற்றும் இரும்புத் தூளைப் பிடித்துவைக்கும். மூன்றாவது, பிடி வைத்த வால்வு. ஸ்பேனர் இல்லாமல் விரலால் திருப்பினாலே பழைய எண்ணெய் இறங்கிவிடும்.

ரங்கராஜ் கேட்டது காந்தம். அவர் சம்சாரம் கனகம் கேட்டது வால்வு. வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். சண்டை தெலுங்கில் ஆரம்பித்து, லாரி விஷயம் வந்ததும் தமிழுக்கு மாறியதாம்.

"காந்தம் இருந்தா எஞ்சின் தேயறது தெரியுமல்ல?"

"தெரிஞ்சு? கழட்டறது ஆருங்க?"

ரங்கராஜ் காந்தத்தை மேசையில் திரும்ப வைத்தார். கனகம் இல்யாஸ் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க தம்பி, ரோட்டுல கல்லு கில்லு அடிச்சா இது தொறந்துக்காதுங்களா?"

"பிடியைத் தூக்கித் திருப்புனாத்தானுங்கக்கா தொறக்கும். ஸ்பிரிங் பூட்டு."

"எடது கையில தொறக்குமுங்களா?"

இதென்ன கேள்வி என்று நிமிர்ந்தபோதுதான் இல்யாஸ் ரங்கராஜின் வலது கையைப் பார்த்தார். ஆனைமலையில் தேங்காய் லோடு ஏற்றும்போது பின்கதவு விழுந்து நசுங்கிய விரல்கள். ஸ்டியரிங் பிடிக்கும், ஸ்பேனர் பிடிக்காது. அதற்கப்புறம் லாரிக்கு அடியில் படுத்து எண்ணெய் மாற்றியதெல்லாம் கனகம்தான்.

சரியாக அப்போது ஆஸ்பத்திரியிலிருந்து போன். ரங்கராஜ் எப்போதும்போல ஸ்பீக்கரில் போட்டார்.

"வால்வு எதுன்னு முடிவு பண்ணிட்டீங்களா சார்?"

"பிடி வெச்சதுங்க. லாரிக்கு இன்னைக்கே மாட்டிப்போடறோம்."

"சார்... நான் உங்க சம்சாரத்துக்குக் கேக்கறேன். மெட்டலா, திசுவா?"

கனகம் சிரித்த சிரிப்பில் மூச்சு வாங்கி, ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "எனக்கும் பிடி வெச்சதே போடச் சொல்லுங்க. எடது கையில தொறந்து பாத்துக்குவீங்க!" பிறகு போனை வாங்கி, "இதை மாட்டிப்போட்டு அடுத்த வாரம் வாரேனுங்க" என்றார். கடையில் நின்ற மற்றவர்கள் இதில் பாதியைக் காதில் வாங்கிக்கொண்டு போனார்கள். பேக்கரிக்கு அந்தப் பாதி போதும்.

அன்று அளவான செப்பு வாசர் இல்லை. எண்ணெய் கசியாமல் வால்வுக்கும் தொட்டிக்கும் நடுவே போடும் வளையம் அது. அப்போதைக்கு மெல்லிசாக ஒன்றைக் கொடுத்து, "செப்பு வாசர் ஒண்ணு உங்களுக்குப் பாக்கிங்கக்கா" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார் இல்யாஸ்.

"சரக்கு வந்து கெடக்குதுங்க. அவரு வாங்க வரல. அந்தப் பக்கம் போனீங்கன்னா குடுத்துருங்க."

சோமனூரில் தறிச்சத்தத்துக்கு நடுவே, லாரிச் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார் ரங்கராஜ். ஊரில் பேசுவதைச் சொன்னேன்.

"தெரியுமுங்க. இல்லைன்னு சொல்லோணும்னா, எண்ணெய் மாத்துனதே அவதான்னு சொல்லோணும். அந்த வெக்கத்துக்குத்தானுங்க இத்தன வருசம் அவ அடியில போறப்பெல்லாம் லாரியைச் சுத்திப் படுதா கட்டுனேன்."

லாரிக்கு அடியில் கை காட்டினார்.

"டாக்டரு ஒடம்பை அலட்டிக்க வேண்டாம்னாரு. அவதான் அடியில போயி வால்வை முறுக்குனா. நான் டார்ச்சு புடிச்சுட்டிருந்தேன். புது எண்ணெயை ஊத்திப்போட்டு, சேர்ல உக்காந்துட்டு, 'இப்ப நீங்க போயித் தொறங்க'ன்னா. எடது கையிலயே தொறந்துட்டேனுங்க. ஒரு டம்ளர் எண்ணெய் வீணு. 'இனி நான் வேண்டியதில்லீங்க'ன்னு சிரிச்சா."

ஆஸ்பத்திரியில் சேர வேண்டிய நாளுக்கு முந்தைய நாள் கனகம் போய்விட்டார்.

"முறுக்குனதால இல்லீங்க, ஒரு வாரம் தள்ளுனதாலயும் இல்லீங்கன்னு டாக்டரு சொன்னாரு. நல்ல மனுசன். காலையில நம்புவேனுங்க. சாயங்காலம் முடியறதில்ல."

வாசரை நீட்டினேன். பார்த்தார், கை நீட்டவில்லை. வால்வின் ஓரத்தில் ஒரு சொட்டு திரண்டு, கீழே வைத்திருந்த பெயின்ட் டப்பாவில் விழுந்தது.

"கசியுதுங்களே?"

"கசியட்டுங்க. ஊத்திக்கறேன். இதை மாத்தோணும்னா வால்வைக் கழட்டோணும். அவ கை முறுக்குனதுங்க அது." டப்பாவைச் சொட்டுக்கு நேராக நகர்த்தி வைத்து, "பாக்கின்னு கடைக்காரரு அவகிட்டத்தானே சொன்னாரு, எங்கிட்ட இல்லீங்களே" என்றார்.

திரும்பும் வழியில் பேக்கரியில் தேவானந்தத்திடம், பாதிதான் நிஜம் என்றேன்.

"எந்தப் பாதிங்க?"

டீயை ஆறவிட்டுக் கிளம்பினேன்.

உக்கடத்தில் நான் திருப்பிக் கொடுத்த வாசரை இல்யாஸ் வாங்கி, கல்லாவுக்கு மேலே ஆணியில் மாட்டினார். அதே அளவு கேட்டு ஒரு டிரைவர் வந்து நின்று, ஆணியைக் கை காட்டினார்.

"அது வேறொருத்தருதுங்க," என்றார் இல்யாஸ். "அக்கா ஒருத்தருக்குப் பாக்கி."