முகாம் இல்லாத வரைபடம்

சுருக்கண்ணன் என்றால் அந்தச் சுகாதார நிலையத்தில் தெரியாதவர் கிடையாது. "ஒண்ணுமில்ல, சுருக்குன்னு ஒரு நொடி, அவ்வளவுதான்" என்பார். அதைச் சொல்லி முடிப்பதற்குள் விரலில் ஊசி இறங்கி ரத்தம் எட்டிப்பார்த்துவிடும். பத்தொன்பது வருடமாக அதே வசனம். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது.

சும்மா சொல்லக்கூடாது, கெட்டிக்காரர். வடிதாளில் மூன்று துளி ரத்தம் சொட்டவைத்தால் ஒரு வட்டம்கூடக் கோணாது. காயவைத்து, உறையில் போட்டு, எண் எழுதித் தலைநகரத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவார். அங்கே அந்தத் துளியிலிருந்து மலேரியாக் கிருமியின் மரபணுவைப் படிப்பார்கள். எந்தக் கிருமி மாத்திரைக்கு மசிவதில்லை என்று அதில் தெரிந்துவிடும். ஆனால் அது எந்த இடத்துக் கிருமி என்பதைச் சுருக்கண்ணன்தான் சொல்லியாக வேண்டும். அதற்காக அவர் கையிலிருந்த டேப் கணினியில் ஒரு கேள்வி உண்டு: கடந்த இரண்டு வாரமாக நோயாளி இரவில் எங்கே தூங்கினார்?

மனிதர் வழுக்கி விழுந்தது இந்தக் கேள்வியில்தான். மலைமேல் சுரங்கப்பாதை வெட்டிக்கொண்டிருந்தார்கள். விடுமுறை நாளில் அந்த முகாமிலிருந்து ஒரு லாரி நிறைய ஆட்கள் காய்ச்சலோடு இறங்கி வருவார்கள். டேப்பில் இருந்த ஊர்ப் பட்டியலில் முகாமே இல்லை. "மற்றவை" என்று தொட்டால் போச்சு, இடத்தை விவரி, தூரத்தை எழுது, வரைபடத்தில் புள்ளி வை என்று அது உயிரை வாங்கும். வரிசையில் நிற்பவர்களோ, "என்ன சார், இவருக்குப் பொண்ணா பாக்குறீங்க, இவ்வளவு விசாரிக்கிறீங்க?" என்று கூச்சல் போடுவார்கள். சுருக்கண்ணன் பட்டியலில் முதலாவதாக இருந்ததைத் தொட்டுவிட்டு அடுத்த விரலைப் பிடிப்பார். முதலாவதாக இருந்தது அவருடைய சுகாதார நிலையமேதான். ஏதோ ஒருநாள் இரண்டு நாள் என்றால் பரவாயில்லை. ஒன்றரை வருடம்!

சோம்பேறித்தனம் என்று நான் சொல்லமாட்டேன். அந்த வரிசைக்கு முன்னால் உட்கார்ந்து பார்த்தவர்கள் வேண்டுமானால் சொல்லட்டும். அந்த முகாமில்தான் அவருடைய தங்கை கணவரும் வெல்டராக இருந்தார் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

ஒருநாள் ஆய்வுக்கூடத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். கூட்ட அறையின் சுவரில் வரைபடத்தைப் போட்டுக் காட்டினார். மாத்திரைக்கு மசியாத கிருமி எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் சிவப்புப் புள்ளி. சுகாதார நிலையம் இருந்த டவுன் மட்டும் அம்மை போட்டதுபோலச் சிவந்து கிடந்தது. மலை வெள்ளைவெளேர் என்றிருந்தது.

"புது மருந்து கொஞ்சம்தான் வந்திருக்கு. சிவப்பு இருக்கிற இடத்துக்குத்தான் முதல்ல. அதனால இங்க உடனே மாத்திடுறோம்" என்றவர், சுருக்கண்ணன் பக்கம் திரும்பினார். "உங்க சாம்பிள் ஒண்ணுகூட வீணாகல சார். இவ்வளவு சுத்தமா வேற யாருமே அனுப்பல."

எல்லோரும் கைதட்டினார்கள். சுருக்கண்ணன் எழுந்து நின்றார். அப்போதுதான் அந்த வெள்ளை மலை கண்ணில் பட்டது. அந்தப் புள்ளிகளில் முக்கால்வாசி மலைமேல் இருக்கவேண்டியவை. இங்கே குத்துப்பட்டது விரல்கள் மட்டும்தான், அந்த உடம்புகள் தூங்கியது அங்கே. "மேடம், ஒரு நிமிஷம்" என்று ஆரம்பித்திருந்தால் போதும். அதற்குள் தேநீர் வந்தது. பாவி மனிதர், வாங்கிக் குடித்தார்.

நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று வீட்டுக்குப் போனார். மறுநாள், அதற்கும் மறுநாள் என்று பதினேழு நாள் போயிற்று. பத்தொன்பது வருடத்துப் பெயர், கைதட்டல் வேறு காதில் இருந்தது. டவுனுக்குப் புது மருந்து வந்து அவர் முதுகுக்குப் பின்னால் அலமாரியில் அடுக்கியாயிற்று. மலையில் அதே பழைய மாத்திரை.

பதினேழாவது நாள் தங்கை கணவர் போன் செய்தார்.

"மச்சான், பழைய விருந்தாளி திரும்பி வந்துட்டான்."

"காய்ச்சலா? போன மாசம்தானே மாத்திரை சாப்பிட்டீங்க மாப்பிள்ளை?"

"மூணு நாளும் ஒழுங்காத்தான் சாப்பிட்டேன். உங்க தங்கச்சி போன்லயே எண்ணிக்கிட்டிருந்தா. இப்பவும் அதையேதான் குடுத்திருக்காங்க."

"நீங்க கிளம்பி இங்க வந்துடுங்க."

"லீவுன்னு வாயைத் திறந்தா மேஸ்திரி குதிப்பார். அங்க வந்தாலும் இதே மாத்திரைதானே மச்சான் குடுப்பீங்க?"

எதிர் மேசையில், எல்லாம் காதில் விழுகிற தூரத்தில், நர்ஸம்மா உட்கார்ந்திருந்தார். இல்லை என்று சொன்னால், "அப்போ எங்களுக்கு ஏன் அது வரல?" என்று அடுத்த கேள்வி வரும். மாப்பிள்ளை விடமாட்டார், குடைந்து குடைந்து கேட்கிற ஆள்.

"ஆமா. இருந்தாலும் வந்துடுங்க" என்றார்.

"இருந்தாலுமா! அப்போ ஞாயித்துக்கிழமை பாக்கலாம்" என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை மாப்பிள்ளைக்கு நினைவு தப்பியது. லாரியில் படுக்கவைத்துக் கொண்டுவந்தார்கள். பெரிய ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது உயிர் இல்லை. இரண்டு பெண் குழந்தைகள், பெரியதற்கு ஏழு வயது.

அடக்கம் முடிந்த மறுநாளே சுருக்கண்ணன் தலைநகரத்துக்குப் பஸ் ஏறினார். ஆய்வுக்கூடத்து அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினார். அவர் திட்டவில்லை. சுருக்கண்ணன் கையால் எழுதிவந்த பழைய நோட்டுப் புத்தகங்களைக் கேட்டார். முகாம் ஆட்களின் வேலை டோக்கன் எண்ணை அவற்றில் குறித்துவைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. நான்கு நாள் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு புள்ளியாக மலைக்கு ஏற்றினார்கள். பத்தே நாளில் முகாமுக்குப் புது மருந்து போய்ச் சேர்ந்தது. மேலிடத்தில் ஓர் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்து அவரை விட்டுவிட்டார்கள். வேலையைப் பிடுங்கியிருந்தால்கூட மனசு கொஞ்சம் ஆறியிருக்கும்.

மூன்று மாதம் கழித்துத் தங்கை வந்தாள். சமையலறையில், அண்ணனுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"முகாம்ல இப்ப யாருக்கும் காய்ச்சல் திரும்புறதில்லையாம் அண்ணா. ஏதோ புது மருந்தாம். அது அப்பவே உன்கிட்ட இருந்துச்சாமே?"

"இருந்துச்சு."

"நீ கூப்பிட்டது எனக்குத் தெரியும். மச்சான் வரச் சொன்னாருன்னு அவரே சொன்னார். வந்தாரா? ஞாயித்துக்கிழமையாம், ஞாயித்துக்கிழமை! தினமும் அவர் போட்டோ முன்னாடி நின்னு திட்டுறேன் அண்ணா. யோவ், ஒரு எட்டு இறங்கி வந்திருந்தா உனக்கு என்ன குடியா முழுகிப் போயிருக்கும், ரெண்டு பிள்ளைகளை நினைச்சியான்னு. வாயில வரக்கூடாத வார்த்தையெல்லாம் வருது."

பேசாமல் இருந்திருக்கலாம். அவள் அவரைக் குறை சொல்லவே இல்லை. இன்னொரு முறை வாயை மூடிக்கொள்ளச் சுருக்கண்ணனுக்குத் தெம்பில்லை. டேப், கைதட்டல், பதினேழு நாள் எல்லாவற்றையும் சொன்னார். "அங்க வந்தாலும் இதே மாத்திரைதானேன்னு கேட்டார்மா. நான் ஆமான்னு சொல்லிட்டேன். மருந்து எனக்குப் பின்னாடி இருந்துச்சு" என்றார்.

அவள் கத்தவில்லை. கத்தியிருக்கலாம், கன்னத்தில் இரண்டு அறை விட்டிருக்கலாம், வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தார். பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். வாசற்படியில் நின்று திரும்பினாள்.

"இத்தனை நாளா நான் அவரைப் போய்த் திட்டிக்கிட்டிருந்தேனே" என்றாள்.