ஆற்றுச் சேறும் அக்காவின் கிணறும்

வழுக்கையாறு மாரியில்தான் ஆறு. கோடையில் அது ஓடாது. வட்டுக்கோட்டைப் பக்கம் அங்கங்கே மடுக்களாகத் தேங்கி நிற்கும். மண்ணெண்ணெய் தட்டுப்பாடான ஒரு வருடம், அப்படி ஒரு மடுவின் கரையில் ஆறு மாதம் இருந்தேன். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். எங்கும் நிலைத்து நின்றதில்லை. கணவனை இழந்த ஓர் அக்கா, தோட்டவேலைக்குச் சோறும் படுக்கப் புகையிலைக் கொட்டிலும் தந்தார். சோறு சில நாள் கஞ்சியாக இருக்கும். அவருக்கும் அதுதான்.

அந்த ஒழுங்கை வீடுகளில் உவர்க்காத கிணறு அக்காவுடையது மட்டுமே. அந்த வருடம் அதில் பூச்சிமருந்து நாறியது. தோட்டக்காரர் எல்லாரும் மிளகாய்க்கு மருந்தடித்துவிட்டு, மெசினைக் கிணற்றை ஒட்டிய அந்த மடுவில்தான் கழுவினார்கள். கிணறு போனால் அக்கா காணியை விட்டு உடுப்பிட்டியில் தமையன் வீட்டுக்குப் போகவேண்டும்.

“அங்கை மச்சாளின்ரை தேத்தண்ணியைக் குடிக்கிறதிலும் பாக்க, இந்த மருந்தைக் குடிக்கலாம்” என்றார்.

பழுதான கிணற்றை இறைத்துத் தூர்வாருவது எங்கள் வழக்கம். மடுவையும் அப்படியே செய்வோம் என்றார் அக்கா. வோட்டர் பம்புக்கு எண்ணெய் இல்லை. இருவரும் வாளிகளால் நாலு நாள் இறைத்தோம். மெசின் கழுவ வந்த பக்கத்துத் தோட்டத்து அண்ணை கரையில் நின்று சிரித்தார்.

“என்ன பிள்ளை, ஆத்துக்கு முழுக வாக்கிறீரோ?”

“ஓம் அண்ணை. ஊத்தையாக்கினவை வாக்கயில்லை, நான் வாக்கிறன்” என்றார் அக்கா.

அடியில் கறுத்த சேறு. எங்கள் ஆட்களுக்குக் குளத்துச் சேற்றைக் கண்டால் பயிருக்குப் போடும் பசளைதான் நினைவுக்கு வரும். கடகம் கடகமாக அள்ளி, கிணற்றடியில் நின்ற கத்தரிக்குப் போட்டோம். சிரித்த அண்ணையும் தன் மிளகாய்க்குக் கேட்டு வாங்கிப் போனார்.

ஒரு கிழமையில் கத்தரி மஞ்சளித்தது. அக்கா குந்தியிருந்து ஒரு பிடி மண்ணை முகர்ந்தார்.

“தம்பி, ஆத்திலை கிடந்த நஞ்சைக் கிணத்தடிக்குக் காவிக்கொண்டு வந்திருக்கிறம்.”

மழை பெய்தால் அவ்வளவும் கிணற்றுக்குள்தான். வானம் ஏற்கெனவே இருண்டிருந்தது. அந்த நேரம் அண்ணை வந்தார்.

“என்ரை மிளகாயும் படுத்திட்டுது பிள்ளை.”

“உங்கடை மருந்துதானே அண்ணை. உங்களைத் தேடி வந்திருக்கு.”

அவர் போய் மாட்டுவண்டிலோடு திரும்பினார். கத்தரியோடு சேர்த்து ஒரு முழ ஆழத்துக்கு மண்ணைச் சுரண்டி, புல்லும் முளைக்காத உவர்த்தரவையில் தூரக் கொண்டுபோய்க் கொட்டினோம். கடைசி வண்டில் போய்க்கொண்டிருக்கும்போதே மழை தொடங்கிவிட்டது. அடுத்த கிழமை அண்ணை தன் காணியின் உவர் மூலையில் மெசின் கழுவ ஆழமாய் ஒரு கிடங்கு வெட்டினார். பிறகு மடுவுக்கு மெசினோடு வருபவர்களை அக்காவைவிடப் பெரிய சத்தத்தில் கலைத்தவரும் அவர்தான்.

மாரி முழுக்க அக்கா ஒருவரையும் அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கவிடவில்லை. மாரி முடிந்து ஒரு நாள் காலையில் செம்பை என்னிடம் நீட்டினார். முகர்ந்தேன். நாற்றம் இல்லாதது போலத்தான் இருந்தது.

“நேற்று நான் குடிச்சனான். இன்னும் இருக்கிறன். குடி.”

குடித்தேன். பின்னேரம் அண்ணை குடத்தோடு வந்தார். அக்கா துலாக்கயிற்றை விடவில்லை.

“மெசின் எங்கை கழுவினனீங்கள்?”

“கிடங்கிலை பிள்ளை, சத்தியமாக் கிடங்கிலை.”

அதற்குப் பிறகுதான் கயிற்றைக் கொடுத்தார்.