காலண்டர் அட்டையில் வந்து தங்கிய மனிதர்கள்

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறையும் இந்நாளில் இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இதன் பக்கங்களுக்கு நடுவே சில சிறிய ஓவியங்களைப் பார்ப்பீர்கள். அவற்றில் இருப்பவர்கள் யார், எந்த ஊர், நமக்கு என்ன முறை என்று தேட வேண்டாம். அவர்களில் ஒருவரும் நம் உறவினர் அல்லர். ஒருவர் பெயரும் எங்களுக்குத் தெரியாது. எல்லோரும் அக்கா எர்ணாகுளத்தில் பார்த்தவர்கள்.

அக்கா கொல்லங்கோட்டுக்குக் கிழக்கே எங்கள் மாந்தோப்பு வீட்டில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். எனக்கு விவரம் தெரியும் முன்பே அம்மா காலமாகிவிட்டதால், என் தலையில் எண்ணெய் வைத்ததும் என்னைப் பள்ளியில் கொண்டுபோய் விட்டதும் அக்காதான். சித்தூரில் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தவர், அப்பா படுக்கையில் விழுந்ததும் படிப்பை நிறுத்திக்கொண்டார். ஆனைமலைப் பக்கம் திருமணமாகிப் போனார். சில ஆண்டுகளில் மாமா தவறிவிட, குழந்தை இல்லாத அக்கா பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்தார். பிறகு ஓய்வு பெறும்வரை பால் சொசைட்டியில் வேலை. விடியும் முன்பே வரிசையில் நிற்கும் எல்லோருடைய பாலையும் சோதித்து அளந்தார். ஒருவரிடமும் குரல் உயர்த்தியதில்லை. அக்காவின் வாழ்க்கை இவ்வளவுதான் என்று நாங்கள் நினைத்திருந்த நேரத்தில்தான் என் மகளுக்குக் கொச்சியில் வேலை கிடைத்தது.

எனக்கு இருப்பது ஒரே மகள். அவளை அனுப்புவதா வேண்டாமா என்பதில் நான் பட்ட பாட்டை உறவினர்கள் பலர் அறிவீர்கள். எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தில் அவள் ஒரு பேருந்தைத் தவறவிட்டால்கூட நான் தேடிக்கொண்டு போய் நிற்பேன். கடைசியில், ஊரையும் விடுதியையும் நேரில் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று புறப்பட்டோம். "நானும் வர்றன்டா, நானும் எர்ணாகுளத்தப் பாத்ததில்ல" என்று அக்காவும் பையை எடுத்துக்கொண்டார்.

மறுநாள் விடுதி விடுதியாக ஏறி இறங்க அக்காவுக்கு முழங்கால் ஒத்துழைக்கவில்லை. படகுத்துறை அருகே நிழலில் ஒரு கல் இருக்கையில் அவரை உட்காரவைத்து, தயிர்ச்சோற்றுப் பொட்டலத்தைக் கையில் கொடுத்துவிட்டு நானும் மகளும் போனோம். நான் பார்த்ததெல்லாம் ஜன்னல் கம்பி, வாசல் பூட்டு, இருட்டான சந்து, நடைபாதையில் மூடி இல்லாத ஓடை. மாலை சாய்ந்து திரும்பியபோது பொட்டலம் பிரிக்கப்படாமல் அப்படியே இருந்தது.

"ஏனுங்க்கா, சாப்பிடலீங்களா?"

"சோறு திங்க எங்கடா நேரம்? எத்தன சனம்! ஒருத்தரப் பாத்து முடிக்கறதுக்குள்ள அடுத்தவரு வந்துர்றாரு."

"உங்களுக்குப் பசிக்கவே இல்லீங்களா அத்தை?" என்றாள் மகள்.

"பசிச்சுது கண்ணு. பொட்டலத்தப் பிரிக்கறதுக்குக் குனியோணுமல்ல. குனிஞ்சா யாராச்சும் போயிருவாங்க."

அன்று படகில் அக்கரைக்குப் போய்த் திரும்பினோம். ஊருக்கு வந்தோம். நான் இன்னும் முடிவு சொல்லவில்லை. வேலையில் சேர வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. மகள் என்னிடம் பேச்சைக் குறைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் ஒரு காலையில் வீடு முழுக்க வித்தியாசமான எண்ணெய் வாடை. மகள் பள்ளிக் காலத்தில் ஏதோ போட்டிக்கு வாங்கிப் பாதியில் போட்ட எண்ணெய் வண்ணக் குழாய்களைப் பரணிலிருந்து எடுத்து, இறுகிப்போன மூடிகளை வெந்நீரில் வைத்துத் திறந்துகொண்டிருந்தார் அக்கா. பரணில் இன்னொன்றும் கட்டுக் கட்டாக இருந்தது. ஆண்டு முடிந்த தினக்காலண்டர் அட்டைகள். சாமி படம் அச்சிட்டிருப்பதால் நம் வீடுகளில் யாரும் அவற்றைக் குப்பையில் போடுவதில்லை, அடுப்பிலும் வைப்பதில்லை. அக்காவுக்கும் சாமி படத்தின் மேல் கத்தி வைக்க மனம் வரவில்லை. தேதித்தாள் கட்டு ஒட்டியிருந்த கீழ்ப்பகுதியை மட்டும் அறுத்தெடுத்து, மேல்பகுதியை மறுபடியும் பரணிலேயே வைத்தார். அட்டையின் பின்புறத்தில், வீட்டுச் சுவருக்கு அடித்து மிஞ்சிய வெள்ளைப் பூச்சைப் பூசிக் காயவைத்தார். "அப்படியே போட்டா எண்ணெய அட்டை குடிச்சுரும் அத்தை" என்று மகள்தான் சொல்லிக் கொடுத்தாள். அக்காவின் ஓவியங்கள் எல்லாம் ஏன் ஒரு கை அகலத்துக்கு மேல் இல்லை என்று கேட்பவர்களுக்கு இதுதான் காரணம். நம் வீட்டு முருகனும் லட்சுமியும் விட்டுக்கொடுத்த இடம் அவ்வளவுதான்.

அதற்கு முன் அக்கா கோலத்தைத் தவிர ஒன்றும் வரைந்து நான் பார்த்ததில்லை. பென்சிலால் கோடு போட்டுக்கொள்ளவில்லை. புகைப்படமும் இல்லை. "போன்ல எடுத்துக் குடுத்திருப்பனே" என்று மகள் சொன்னதற்கு, "போனத் தூக்குனா அவங்க நம்மளப் பாப்பாங்க கண்ணு. அப்பறம் அது வேற மூஞ்சி" என்றார். நெளிந்த எனாமல் தட்டில் வண்ணத்தைக் குழைத்து, மெல்லிய கோட்டுக்குத் தென்னை ஈர்க்கின் நுனியை நசுக்கி வைத்துக்கொண்டு, சமையலறை ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்து வரைந்தார்.

முதல் படம் ஒரு மீன்கார அம்மா. விற்று முடித்த அலுமினியச் சட்டியைக் கவிழ்த்து அதன் மேலேயே உட்கார்ந்து, காலை நீட்டித் தன் கட்டைவிரலைத் தானே பார்த்துக்கொண்டிருப்பார். அடுத்தது, யாரும் பார்த்துவிடக் கூடாதென்று சுவர்ப்பக்கம் திரும்பி வாழைப்பழம் சாப்பிடும் ஒரு போலீஸ்காரர். அப்புறம் வடக்கே எங்கிருந்தோ வேலைக்கு வந்த ஓர் இளைஞர். கைப்பேசியைக் கடலுக்கு நேராகப் பிடித்து, தூரத்தில் இருக்கும் யாருக்கோ கப்பலைக் காட்டிக்கொண்டிருப்பார். கிட்டே போய்ப் பார்த்தால் பழுப்பும் நீலமும் தடித்த திட்டுகளாக அப்பியிருக்கும். ஒரு தோள் என்பது இரண்டே இழுப்பு. இரண்டடி பின்னால் வந்தால் அந்தத் தோள் மூச்சு விடும். நான் வங்கி வேலைக்குப் புறப்படும் அவசரத்திலும் முன்னும் பின்னும் நடந்து நடந்து பார்த்திருக்கிறேன். இது எங்கிருந்து வந்தது, எந்தப் பிறவியில் கற்றது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

எண்ணெய் வண்ணம் லேசில் காய்வதில்லை. மழைக்காலம் வேறு. பூனை ஏறாத இடம் என்று பூஜை அறையில் சாமி படங்களுக்குக் கீழே இருந்த பலகையில் படங்களைச் சாய்த்து வைத்திருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை காலை, வழக்கம்போல எல்லாப் படங்களுக்கும் வரிசையாகச் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டே வந்த என் மனைவி திடீரென்று அக்காவைக் கூப்பிட்டு அலறினாள்.

"ஐயோ நங்கையா, போலீஸ்காரருக்குப் பொட்டு வெச்சுப்போட்டனுங்க!"

ஈர வண்ணத்தில் குங்குமம் அப்படியே ஒட்டிக்கொண்டது. துடைத்தால் முகமே போய்விடும். அக்கா படத்தை ஜன்னலுக்குக் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இருக்கட்டும் புள்ள, லட்சணமாத்தான் இருக்குறாரு. இதுக்கெல்லாம் கேஸ் போடமாட்டாரு."

அந்தப் பொட்டை இந்த மலரிலும் நீங்கள் பார்க்கலாம். அச்சுப்பிழை அல்ல.

காய்ந்த படங்களை அக்கா கூடத்துச் சுவரில் மாட்டினார். அடுத்த வாரம் தன் வீட்டுக் கல்யாணத்துக்குப் பத்திரிகை கொடுக்க வந்த எங்கள் பெரிய மாமா, உள்ளே கால் வைத்ததும் அந்த வரிசையைப் பார்த்துவிட்டுத் தோளில் இருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். நம் வீடுகளில் சுவரில் முகம் ஏறுவது ஒரே காரணத்துக்காகத்தானே! குரலைத் தாழ்த்தி, "ஏம்மா, இத்தன பேரா? எனக்கு ஒருத்தரும் சொல்லலியே" என்றார்.

அக்கா சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. "எல்லாம் உசுரோட இருக்கறவங்க மாமா. இந்நேரம் எங்கயோ காப்பி குடிச்சுட்டு இருப்பாங்க."

நான் முடிவு சொல்ல வேண்டிய வாரத்தில் அக்கா இன்னொரு படத்தை முடித்தார். படகின் உட்புறம். பெஞ்சில் ஒரு கிழவர் உட்கார்ந்தபடியே தூங்குகிறார். அவர் தலைக்குப் பின்னால் மிதவைச் சட்டை மாட்டும் இரும்புக் கொக்கி. படகு ஆடும்போது தலை அதில் இடிக்காமல் இருக்க, பக்கத்தில் நிற்கும் ஒருவர் தன் உள்ளங்கையைக் கொக்கிக்கும் தலைக்கும் நடுவே கொடுத்திருக்கிறார். நிற்பவரின் முகம்கூடப் படத்தில் இல்லை. சட்டைக் கையும் விரல்களும் மட்டும். கிழவருக்கு அது தெரியாது. அவர் பாட்டுக்கு வாயைத் திறந்து தூங்குகிறார்.

நான் படத்துக்குக் கிட்டே குனிந்தேன். "ஏனுங்க்கா, இது நாம வந்த படகா?"

"ஆமா. உனக்கு நேர் எதிரத்தான்."

"நான் பாக்கவே இல்லீங்களே."

"நீ எப்பிடிடா பாப்ப? நீ புள்ளயப் பாத்துட்டு இருந்த. அவளப் பாக்கறதுக்குத்தான் நீ இருக்கறயல்ல? அதான் நான் மத்தவங்களப் பாத்துட்டு வந்தேன்."

"அந்தாளு எவ்வளவு நேரம் அப்பிடியே நின்னாருங்க்கா?"

"அக்கரை வரைக்கும். எறங்கறப்ப கையச் சட்டையில தொடச்சுட்டுப் போயிட்டாரு."

அன்று மாலை மகளிடம் பெட்டியை எடுத்து வைக்கச் சொன்னேன்.

அவள் போன பிறகு தினமும் மாலை அழைப்பாள். என் வாயில் சாப்பிட்டாயா, கதவைப் பூட்டினாயா என்ற பேச்சுத்தான் வரும். அக்கா கைப்பேசியை வாங்கி, "இன்னைக்கு யாரப் பாத்த?" என்று கேட்பார். பெட்டிக்கடைக்காரர், மெட்ரோவில் பாடம் சொல்லிக்கொண்டே வந்த சிறுமி என்று அவள் சொல்லச் சொல்ல எனக்கும் அந்த ஊரில் நாலு பேர் பழக்கமானது போல ஆயிற்று. அவள் சொல்வதை வைத்து வரைந்து பார்க்கலாமே என்று ஒருமுறை சொன்னேன். "அதெல்லாம் அவளோட சனம்" என்று மறுத்துவிட்டார்.

கடைசி நாள் காலையில் அக்கா தூரிகைகளைக் கழுவி வெயிலில் வைத்துவிட்டு வந்து, நெஞ்சை அடைக்கிறது என்றார். பாலக்காட்டு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். மதியத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மகள் தகவல் கேட்டுத் தனியே ரயிலேறி வந்து சேர்ந்தாள். அடக்கம் முடித்து வீடு திரும்பியபோது பூஜை அறைப் பலகையில் ஒரு படம் சாய்ந்திருந்தது. குடையை விரிக்கும் ஒரு பெண். குடை முடிந்திருந்தது, முகம் முடியவில்லை. தெரியாமல் விரல் பட்டது. வண்ணம் இன்னும் ஈரமாக இருந்தது.

கருமாதி முடிந்ததும் அக்காவின் புகைப்படத்தை அந்தக் கூடத்துச் சுவரிலேயே மாட்டினோம். அத்தனை முகங்களுக்கு நடுவே இறந்தவர் அக்கா ஒருவர்தான்.

"அத்தையும் இல்ல, போதுமுங்க, புள்ளயக் கூட்டிட்டு வந்துருங்க" என்று நல்லெண்ணத்தில் பலர் சொன்னீர்கள். எனக்கும் அதே எண்ணம்தான். மாலையில் என் பயத்தை வாங்கி வைத்துக்கொள்ள இனி ஆள் இல்லை. மகளிடம் சொன்னேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு, "அத்தை இருந்தா எங்கிட்ட யாரப் பாத்தன்னு கேப்பாங்கப்பா. இங்க இருந்தா நான் யாரச் சொல்றது?" என்றாள். அனுப்பிவைக்க என்னால் முடியுமா என்று தெரியாமலேயே பாலக்காடு ஜங்ஷனுக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனேன்.

இனி நன்றி. ஜீப்பை எடுத்துக்கொண்டு ஓடிவந்த பக்கத்துத் தோட்டத்து அண்ணனுக்கும், கடைசிவரை போராடிய மருத்துவருக்கும் செவிலியர்களுக்கும், அக்காவுக்காக ஒரு வேளை கறவையை நிறுத்திவிட்டு வந்து நின்ற பால் சொசைட்டி மக்களுக்கும், பந்தல் போட்டுச் சமைத்துப் பரிமாறிய பங்காளிகளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இன்னும் ஒருவர் இருக்கிறார். மகளை அனுப்பிய அன்று ரயிலில் நல்ல கூட்டம். மகள் எப்படியோ ஏறிவிட்டாள். நான் ஜன்னல் ஜன்னலாக அவளைத் தேடினேன். பார்த்துவிட்டேன். அழுகையை அடக்கிக்கொண்டு நின்றிருந்தாள். அப்போது என் கண் அவளை விட்டு ஒரு கணம் பக்கத்தில் போயிற்று. ஜன்னலோரத்தில் ஓர் அம்மாள். என் வயதுதான் இருக்கும். பச்சைச் சேலை, கொண்டையில் ஒரு பென்சிலைச் செருகியிருந்தார். மகளின் முகத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, பக்கத்தில் இருந்தவர்களையும் நெருக்கி உட்காரச் செய்து, "மோளே, இவிடெ இரிக்கு" என்று மலையாளத்தில் சொல்லி, அவளைத் தன் ஜன்னலோர இடத்தில் உட்காரவைத்தார். அவள் கண்ணில் வெயில் விழவே, எட்டி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டார். பிறகு தன் பாட்டுக்கு எதிர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். ரயில் நகர்ந்தது.

அக்கா இருந்திருந்தால் இந்த அம்மாள் ஒரு கை அகல அட்டையில் வந்து தங்கியிருப்பார். எனக்கு வரையத் தெரியாது. அதனால் அவரை இந்த மலரின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைக்கிறேன். அவருக்கும் எங்கள் நன்றி.