பூட்டிய லேப்டாப்பும் அவிட்ட நட்சத்திரமும்

வலியசாலையில் எங்கள் தெருவில் ஒருவர் அனுமதி கேட்டுக்கொண்டு வீட்டுக்குள் வந்தால் அவருக்கு உடம்பு சரியில்லை என்று அர்த்தம். வாசல் வழியாக வந்து கொல்லை வழியாகப் போவார்கள். போகிற போக்கில் அடுப்பில் இருப்பதைக் கிளறிவிட்டும் போவார்கள். அப்படிப்பட்ட வீட்டில், இரண்டாயிரத்துச் சொச்சத்தில், நான் ஒரு லேப்டாப் வாங்கி வைத்தேன். வாங்கிய வாரமே அது தெருவின் பொதுச்சொத்து ஆகிவிட்டது. எதிர்வீட்டு மாமா அமெரிக்காவில் இருக்கும் மகனைப் பார்த்துப் பேச வருவார். பேசி முடித்த பிறகும் எழுந்திருக்க மாட்டார்.

எனக்கோ அதில் ஒளிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருந்தது. ஒரு வரன் தட்டிப்போன கோபத்தில், இந்த ஜன்மத்தில் எனக்குக் கல்யாணமே கிடையாது என்று தெருவறியச் சொல்லியிருந்தேன். அதோடு நிறுத்தினேனா? போகிற கல்யாணத்திலெல்லாம் பந்தியில் உட்கார்ந்து மாப்பிள்ளைக்காக அனுதாபப்பட்டேன். சில வருடங்களில் பிரம்மச்சரியம் அலுத்துவிட்டது. சத்தம் காட்டாமல் ஒரு திருமண இணையதளத்தில் பதிவு செய்துகொண்டேன். வெளியே தெரிந்தால் தெருவில் தலைகாட்ட முடியாது.

ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்பைக் கோட்டையாக்க உட்கார்ந்தேன். பாஸ்வேர்ட் போட்டேன். கொஞ்ச நேரம் தொடாவிட்டால் தானாகவே பூட்டிக்கொள்ளும்படி செய்தேன். பார்த்த பக்கங்களின் சுவடு தங்காமல் அழித்தேன். ஊர்க்காரர்களுக்கென்று தனியாக விருந்தினர் கணக்கு ஒன்று திறந்தேன். கேமராவின் மேல் பிளாஸ்திரி ஒட்டினேன்.

"லேப்டாப்புக்கு என்ன பத்தித்து? விழுந்துதோ?" என்று எதிர்வீட்டு மாமா அக்கறையாக விசாரித்தார். பிளாஸ்திரியை எடுக்க அவருக்கு மனம் வரவில்லை. அன்று அவர் மகன் பழுப்பு நிறத்தோடு பேசியிருப்பான்.

அதே வேகத்தில் திருமணத் தளத்தின் அமைப்புகளையும் இறுக்கினேன். பெயர் தெரியாது, படம் தெரியாது, தொலைபேசி தெரியாது, ஊர் 'தென்னிந்தியா'. மாதக்கணக்கில் ஒரு பெண்வீட்டார்கூட எட்டிப் பார்க்கவில்லை. பார்ப்பதற்கு அங்கே என்ன இருந்தது?

ஒரு நாள் ஆபீசிலிருந்து வந்தால், லேப்டாப்பின் முன்னால் அத்தை. அப்பாவின் அக்கா, எங்களோடுதான் இருந்தாள். டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவள், விரல்கள் படபடவென்று ஓடிக்கொண்டிருந்தன. திரையில் என் வரன் விவரம்.

"எப்படித் தொறந்தேள்?"

"பிறந்த நட்சத்திரம்னு நீதானே குறிப்பு எழுதி வெச்சிருக்காய். அவிட்டம்னு அடிச்சேன், தொறந்துடுத்து."

பாஸ்வேர்ட் மறந்தால் ஞாபகப்படுத்த ஒரு குறிப்பு கொடுக்கலாம் என்று லேப்டாப் கேட்டது, நானும் கொடுத்திருந்தேன். தானாகப் பூட்டிக்கொள்ளுமே என்ற தைரியத்தில் திருமணத் தளத்தை மூடாமலே ஆபீசுக்குப் போயிருந்தேன். மாதாமாதம் அவிட்டத்தன்று கோவிலில் அத்தை என் பேருக்கு அர்ச்சனை செய்வாள். காது மந்தமான அர்ச்சகர் என் பெயர், நட்சத்திரம், கோத்திரம் மூன்றையும் பஸ் நிறுத்தம் வரை கேட்கும்படி சொல்வார். தெருவில் என் நட்சத்திரம் தெரியாதவர் யாராவது இருந்தால் அவர் நேற்றுக் குடிவந்தவராக இருக்க வேண்டும்.

அத்தை என் முகத்தைப் பார்க்கவே இல்லை. மறைத்ததையெல்லாம் வரிசையாகத் திறந்துகொண்டிருந்தாள். 'சமையல் தெரியும்' என்று நான் எழுதியிருந்ததை அழித்து, 'தெரியாது, ஆனால் போட்டதைக் குறை சொல்லாமல் சாப்பிடுவான்' என்று அடித்தாள்.

"பொய் எழுதினா நாளைக்கு நானாக்கும் பதில் சொல்லணும்," என்றாள்.

அடுத்த வாரமே நாகர்கோவிலிலிருந்து ஒரு பெண்வீட்டார் எழுதினார்கள். பெண்ணுக்கு அந்தச் சாப்பாட்டு வரி பிடித்துப்போயிற்றாம். எனக்குப் பெண்ணைப் படத்திலேயே பிடித்துவிட்டது. ஆனால் கல்யாணமே கிடையாது என்று தெருவறியச் சொன்னவன் நானல்லவா.

"இவாள்ட்டயெல்லாம் என்னன்னு சொல்றது அத்தை?" என்றேன். நிஜமாகவே பயந்திருந்தேன்.

"நீ வாயைத் தொறக்காம இரு, போறும்."

நிச்சயதார்த்தத்தன்று தெருவே எங்கள் கூடத்தில் இருந்தது. அத்தை நடுவில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இவனுக்குத் துளி இஷ்டம் கெடையாது, கேட்டேளா. நான் பட்டினி கிடந்துன்னா சம்மதிக்க வெச்சேன்." அன்று காலையில் என் பங்கு அடையையும் சேர்த்துச் சாப்பிட்டவள் அவள்.

எதிர்வீட்டு மாமா என் தோளைத் தட்டி, "போட்டும், பெரியவா சொன்னா கேக்கணும்," என்று ஆறுதல் சொன்னார். அத்தையின் காலில் அங்கேயே விழலாம் போல இருந்தது எனக்கு. விழாமல் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டேன். அவ்வளவு சந்தோஷத்தை வைத்துக்கொண்டு அதைச் செய்வது லேசான காரியம் இல்லை.