மத்தியானச் சங்குக்குப் பிறகு

ராமுத்தாயின் மூத்த மகன் கூடலிங்கம் ஐந்தாம் வகுப்பில் சேர்ந்து மூன்று மாதம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. வண்டிப்பெரியார் பள்ளிக்கூடத்திலிருந்து அவனை யாரும் விரட்டவில்லை. காலையில் பையைத் தூக்கிக்கொண்டு மலையிறங்குவான், பாதி வழியில் ஒரு கல்பாலத்தின் அடியில் உட்கார்ந்துவிடுவான், சாயங்காலம் மற்ற பிள்ளைகளோடு ஏறி வருவான். கொழுந்து லாரி டிரைவர் பார்த்துச் சொன்ன பிறகுதான் வீட்டுக்குத் தெரிந்தது.

அப்பன் பெரியமுத்து அவனை அடித்தான். தேயிலை ஃபாக்டரியில் ராத்திரி ஷிப்ட் முடித்து வந்த அலுப்பு வேறு. ராமுத்தாய் அடிக்கவில்லை. அடுத்த நாள் வேலைக்குப் பேர் கொடுக்காமல், மகனைக் கையில் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு இறங்கினாள்.

அங்கிருந்த டீச்சர் பையனை வெளியே நிற்கச் சொல்லிவிட்டுப் பேசினார்.

"பையன் மக்கு இல்லம்மா. ஆனா மூணாங்கிளாஸ் கணக்கே இவனுக்குத் தெரியல. மலை மேல இருந்து வர்ற பிள்ளைங்க முக்காவாசி இப்படித்தான் வருதுங்க. உங்க எஸ்டேட் பள்ளிக்கூடம் எப்ப விடுது?"

"மத்தியானச் சங்கு ஊதுனதும் விட்டுருவாங்க டீச்சர்."

"லீவு விட்டா எப்பத் திறக்குறாங்க?"

"ஆடி மழை ஓயணும்லா."

டீச்சர் பையனின் சர்டிபிகேட்டை எடுத்துப் பார்த்தார். "நாலு கிளாஸ் முடிச்சான்னு எழுதிக் கொடுத்திருக்காங்க. அவன் உட்கார்ந்து படிச்ச நேரத்தைப் பார்த்தா ரெண்டு கிளாசுக்குக் காணாது. இதுல பிள்ளையை அடிச்சு என்ன ஆகும்?"

அது எழுபத்துநாலாம் வருஷம். ராமுத்தாய்க்கு முப்பது வயதிருக்கும். அவளுடைய அப்பாவும் அம்மாவும் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து இந்த மலைக்கு வந்தவர்கள். அவள் பிறந்தது, கல்யாணம் முடித்தது, மூன்று பிள்ளைகளைப் பெற்றது எல்லாம் வண்டிப்பெரியாருக்கு மேலே ஒரே எஸ்டேட்டின் ஒரே லயத்தில், தொழிலாளர் வீட்டு வரிசையில்தான். பள்ளிக்கூடம் பக்கம் அவள் போனதே இல்லை. அதனால் பள்ளிக்கூடம் என்றால் மத்தியானம் வரைக்கும்தான் என்று நினைத்திருந்தாள். எல்லோரும் அப்படித்தான் நினைத்திருந்தார்கள்.

எஸ்டேட் பள்ளிக்கூடம் ஒரே அறை. நான்கு வகுப்புக்கும் சேர்த்து ஒரே வாத்தியார், சுவக்கீன் என்று பேர். காலையில் பாடம் நடத்துவார், மத்தியானம் சங்கு ஊதியதும் பிள்ளைகளை அனுப்பிவிட்டு எஸ்டேட் ஆபீசில் செக்ரோல் என்கிற பேர்க்கணக்கு எழுதப் போய்விடுவார். மார்ச் பிறந்து கொழுந்து பெருக்க ஆரம்பித்தால் பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிடுவார்கள். பெரிய பிள்ளைகள் தாயோடு மலைக்குப் போய்க் கொழுந்து கிள்ளி அவள் கூடையில் போடும். கீழே வண்டிப்பெரியாரில் ஜூன் மாதம் பள்ளிகள் திறக்கும். மேலே மழையைக் காரணம் காட்டி ஆகஸ்ட் வரை திறக்க மாட்டார்கள். இப்படியே வருஷா வருஷம் போய்க்கொண்டிருந்தது. எஸ்டேட்டுக்கு அது வசதி. வேலைக்குப் போகும் பெண்களுக்கும் ஒரு வகையில் வசதிதான். மத்தியானத்துக்கு மேல் வீட்டில் சின்னதுகளைப் பார்த்துக்கொள்ள ஒரு பெரிய பிள்ளை இருக்கும்.

ராமுத்தாய் வீட்டிலும் அதுதான். இரண்டாவது மகள் சின்னத்தாய்க்கு ஏழு வயது. கடைசிப் பையன் நல்லதம்பிக்கு மூன்று முடிந்திருந்தது. எஸ்டேட் குழந்தைகள் காப்பகமான பிள்ளைப்புரையில் ஆயா கைக்குழந்தைகளை மட்டும்தான் சாயங்காலம் வரை வைத்துக்கொள்வாள். ஓடியாடும் வயது வந்துவிட்டால், "இதுக பின்னால ஓட என்னால ஆகாது" என்று மத்தியானத்தோடு திருப்பி அனுப்பிவிடுவாள். அதற்குப் பிறகு நல்லதம்பி அக்கா இடுப்பில்தான்.

டீச்சர் சொன்னது ராமுத்தாயை விடவில்லை. பக்கத்து வீட்டுச் சாந்தம்மாளிடம் சொன்னாள். மலையில் கூட வேலை செய்யும் பெண்களிடம் சொன்னாள். சுவக்கீன் வாத்தியாரிடமே போய்க் கேட்டாள்.

"சாரு, நம்ம பள்ளிக்கூடத்தையும் சாயங்காலம் வரைக்கும் நடத்துனா என்ன?"

"எங்கிட்டக் கேட்டா? ஆபீஸ் வேலைக்கு வரலைன்னா தொரை சும்மா விடுவாரா? போய் அவருட்டக் கேளு."

எஸ்டேட் மேனேஜர் துரையிடம் கேட்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. அவள் சாந்தம்மாளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி, பீருமேட்டில் கல்வி ஆபீசரைப் பார்க்கப் போனாள். ஆபீசர் மலையாளி. அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு, "உச்சைக்கே ஸ்கூல் விடுமோ? ஆகஸ்டு வரைக்கும் திறக்கில்லையோ?" என்று இரண்டு தடவை கேட்டார். அவர் ஒரு மாதம் கழித்து ஜீப்பில் வந்து இறங்கியபோது மணி இரண்டு. பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தது.

அடுத்த ஜூன் முதல் வாரமே பள்ளிக்கூடம் திறந்தது. காலை பத்து மணிக்கு ஆரம்பித்துச் சாயங்காலம் நாலு மணிக்கு விட்டார்கள். மார்ச் கடைசிப் பரீட்சை வரை மூடக் கூடாது என்று உத்தரவு. சுவக்கீன் வாத்தியாருக்கு ஆபீஸ் வேலை போயிற்று. ஒரு வாரம் அவர் ராமுத்தாயைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனாலும் மத்தியானத்துக்கு மேல் வாசிக்க வைக்க ஆரம்பித்துவிட்டார். காலையில் கணக்குக்கே நேரம் போதாமல் இருந்தது, இப்போது பாட்டும் வாசிப்பும் கேட்டன. கொழுந்துக் கூடையோடு அந்த வழியாக இறங்கும் பெண்கள் வேலியோரம் நின்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

மத்தியானத்துக்கு நல்லதம்பியை யார் பார்ப்பது என்ற கேள்விக்கு ராமுத்தாய் ஒரு வழி வைத்திருந்தாள். சாந்தம்மாளுக்கு நெஞ்சில் சளி கட்டி, டாக்டர் சீக்கு லீவு எழுதிக் கொடுத்திருந்தார். "எனக்கென்ன, படுத்துத்தான கெடக்கேன், பையன் இங்கன கெடக்கட்டும்" என்று அவளே சொல்லியிருந்தாள்.

ஜூலையில் மழை விடாமல் பெய்தது. அன்றைக்கு ராமுத்தாய் தொலைவான மலையில் இருந்தாள். ஈர விறகு காய்வதற்காகச் சாந்தம்மாள் அடுப்பைச் சுற்றி அடுக்கிவிட்டு, தணலைக் கூட்டி வைத்துவிட்டுப் படுத்திருக்கிறாள். மருந்து சாப்பிட்ட மயக்கம். நல்லதம்பி விறகின் மேல் ஏறினான். விறகு சரிந்தது.

யாரோ மலைக்கு ஓடிவந்து சொன்னார்கள். ராமுத்தாய் கூடையைப் போட்டது போட்டபடி இறங்கினாள். எஸ்டேட் டிஸ்பென்சரி வாசலில் கூடலிங்கம் தம்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பையனின் வலது கையை வாழை இலையால் சுற்றியிருந்தார்கள். அவன் அழவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

பிள்ளை பிழைத்தான். வண்டிப்பெரியாரிலும் பிறகு கோட்டயத்திலும் வைத்துப் பார்த்தார்கள். ஆனால் விரல்கள் உள்ளங்கையோடு ஒட்டி மடங்கிப்போயின.

வீட்டுக்குக் கூட்டிவந்த அன்று சாந்தம்மாள் வாசலில் வந்து நின்றாள், உள்ளே வரவில்லை. ராமுத்தாய் அவளைத் திட்டவில்லை. திட்டினால் நன்றாக இருந்திருக்கும் என்று சாந்தம்மாள் பிறகு பலரிடம் சொல்லி அழுதாள்.

லயத்தில் பேச்சு வேறு மாதிரி இருந்தது. காலையில் பேர் கொடுக்க நிற்கும் இடத்தில் எல்லோருக்கும் கேட்கும்படி ஒருத்தி சொன்னாள்: "ஆபீசரைக் கூட்டிட்டு வந்தால்ல. நம்ம பிள்ளைகளையும் சேத்துல்ல தீயில தள்ளப் பாக்கா."

அந்த வாரத்திலேயே தாய்மார்கள் மத்தியானச் சங்குக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போக ஆரம்பித்தார்கள். சுவக்கீன் வாத்தியார் தடுக்கவில்லை. மத்தியானத்துக்கு மேல் அறையில் நாலைந்து பையன்கள் மட்டும் மிஞ்சினார்கள். பெண்பிள்ளை ஒன்றுகூட இல்லை.

பெரியமுத்துவும் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னான்: "சின்னத்தாயும் மத்தியானத்தோட வரட்டும். இதுக்கு மேல பேச்சு வேண்டாம்."

"வந்தா அவளும் மூத்தவன் மாதிரிதான் ஆவா."

"ஆகட்டும். கை முழுசா இருக்கும்ல."

ராமுத்தாய் எழுந்து வெளியே போய்விட்டாள்.

ஆனால் யாரும் சொல்லாமலேயே சின்னத்தாய் பள்ளிக்கூடத்துக்குப் போவதை நிறுத்தியிருந்தாள். காலையில் பையை விறகுக்குப் பின்னால் ஒளித்துவிட்டுத் தம்பியைத் தூக்கி வைத்துக்கொள்வாள். அவனுக்குச் சோறு ஊட்டுவது, கைக்கட்டை ஈ மொய்க்காமல் பார்ப்பது எல்லாம் அவள்தான். ராமுத்தாய் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளை ஓடைப் பக்கம் துணி துவைக்கக் கூட்டிப்போனாள்.

"ஏத்தா, பள்ளிக்கூடத்துக்கு ஏன் போகல?"

சின்னத்தாய் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் இருந்திருந்தா தம்பியை வெறகுல ஏற விட்டிருக்க மாட்டேன்."

"உன்னைப் போகச் சொன்னது நான். அவனை விட்டுட்டுப் போனது நான். நீ சின்னப் பிள்ளை. பிள்ளையைப் பிள்ளை பாக்கக் கூடாது, அது ஒங்க வேலை இல்ல."

"அப்ப யாரு பாப்பா?"

அந்தக் கேள்விக்கு அந்த எஸ்டேட்டில் யாரும் பதில் வைத்திருக்கவில்லை. பள்ளிக்கூடத்தை நீட்டச் சொன்ன ஆபீசரும் வைத்திருக்கவில்லை. ராமுத்தாயும் கேட்டிருக்கவில்லை. மறுபடி பழையபடியே மத்தியானத்தோடு விடலாம் என்று ஒரு நிமிஷம் அவளுக்கும் தோன்றியது. பிறகு கல்பாலத்தடியில் உட்கார்ந்திருந்த மூத்தவன் நினைவுக்கு வந்தான். அவன் இப்போது தேயிலைக்கு மருந்தடிக்கும் கூட்டத்தில் முதுகில் டின்னோடு போகிறான். கேட்டால் ஒழிய வீட்டில் பேச மாட்டான்.

மறுநாள் அவள் சூப்பர்வைசரிடம் அரைப்பேர் கேட்டாள். காலையில் மட்டும் வேலை, மத்தியானத்துக்கு மேல் வீடு.

"கொழுந்து கெடக்கிற கெடப்புல அரைப்பேரா?" என்றான் அவன். "ஒரு தடவைதான் சொல்லுவேன். தொடர்ந்து அரைப்பேர்னா, நெரந்தரப் பேரை வெட்டி டெம்பரவரில போட்டுருவோம்."

"போட்டுக்கிடுங்க."

சொன்னபடியே அவள் பேரை வெட்டி டெம்பரவரியில் போட்டுவிட்டார்கள். பெரியமுத்து இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

மத்தியானச் சங்கு ஊதியதும் மலையிலிருந்து இறங்கி, பிள்ளைப்புரையிலிருந்து நல்லதம்பியைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துப் பின்புறம் ஓடு இறக்கியிருந்த தாழ்வாரத்தில் போய் உட்கார்ந்தாள். சின்னத்தாய் உள்ளே வகுப்பில் இருந்தாள். நடுநடுவே எழுந்து வந்து ஜன்னல் வழியாகத் தம்பி இருக்கிறானா என்று பார்த்துவிட்டுப் போவாள். சுவக்கீன் வாத்தியார் அதைக் கண்டுகொள்ளவில்லை. ஒரு நாள் அவரே ஒரு பழைய பெஞ்சைத் தூக்கி வந்து தாழ்வாரத்தில் போட்டுவிட்டு உள்ளே போனார்.

முதலில் வந்தது கடைசி வீட்டு முத்தம்மா மகள். தங்கச்சியைத் தூக்கிக்கொண்டு வேலியோரம் வந்து நின்றது.

"சின்னத்தாய் அம்மா, இவளையும் இங்கன விட்டா பாத்துக்கிடுவீங்களா? நான் உள்ள போய் உக்காரணும்."

"விட்டுட்டுப் போ."

மழைக்காலம் முடிவதற்குள் தாழ்வாரம் நிறைந்துவிட்டது. மூக்கொழுகும் பிள்ளைகள், ஒன்றை ஒன்று கடிக்கும் பிள்ளைகள், மண் தின்னும் பிள்ளைகள். ராமுத்தாய்க்கு ஒரு நிமிஷம் கண்ணயர முடியாது. அடுப்போ தணலோ பக்கத்தில் எங்கும் இருக்கக் கூடாது என்று பக்கத்து லயத்துப் பெண்களோடு சண்டை போட்டாள். சாந்தம்மாள் ஒரு நாள் வந்து தூர நின்றாள். ராமுத்தாய் ஒரு பிள்ளையைத் தூக்கி அவள் கையில் கொடுத்தாள். அன்றிலிருந்து மார்புச் சளி கட்டாத நாட்களில் அவளும் வந்தாள். ஆனால் நல்லதம்பியை மட்டும் அவள் தொடமாட்டாள்.

பெண்பிள்ளைகள் மத்தியான வகுப்புக்குத் திரும்பினார்கள். மார்ச் வந்து கொழுந்து பெருத்தபோது துரை பள்ளிக்கூடத்தை மூடச் சொல்லிப் பார்த்தார். வாத்தியார் உத்தரவைக் காட்டினார். அந்த வருஷம் பள்ளிக்கூடம் கடைசிப் பரீட்சை வரை நடந்தது. மலையில் கூடை நிறையவில்லை என்று சில வீடுகளில் சண்டை நடந்ததும் உண்மைதான்.

இரண்டு வருஷம் இப்படிப் போனது. பிறகு யூனியன்காரர்கள் இதை எடுத்துக்கொண்டார்கள். பள்ளிக்கூட வயது வரைக்கும் எல்லாப் பிள்ளைகளையும் சாயங்காலம் வரை பிள்ளைப்புரையில் வைத்துக்கொள்ள வேண்டும், இன்னொரு ஆயா போட வேண்டும் என்று பேச்சுவார்த்தையில் முடிவானது. லயத்தில் எல்லோரும் அந்த வேலை ராமுத்தாய்க்குத்தான் என்று நினைத்தார்கள். சூப்பர்வைசரின் மச்சினிக்குக் கொடுத்தார்கள்.

சாந்தம்மாள் கத்தினாள், யூனியன் ஆபீசுக்குப் போவோம் என்றாள். ராமுத்தாய் போகவில்லை. "பிள்ளைகளைப் பாக்க ஆள் வந்தாச்சுல்ல" என்று சொல்லிவிட்டாள். அப்படிச் சொன்னாளே தவிர, அன்று சாயங்காலம் காலியான தாழ்வாரத்தில் போய்த் தனியாக உட்கார்ந்திருந்தாள். பெஞ்சை உள்ளே எடுத்துப் போயிருந்தார்கள். அடுத்த நாளிலிருந்து முழுப் பேர் கொடுத்து மலைக்குப் போனாள். டெம்பரவரிப் பேர்தான். நிரந்தரப் பேர் திரும்பக் கிடைக்க இன்னும் பல வருஷம் ஆயிற்று.

எழுபத்தெட்டில் சின்னத்தாய் வண்டிப்பெரியாரில் ஐந்தாம் வகுப்பில் சேர்ந்தாள். முதல் பரீட்சை முடிந்ததும் அதே டீச்சர் ராமுத்தாயைக் கூப்பிட்டு, பிள்ளை எல்லாப் பாடத்திலும் தேறிவிட்டாள் என்று சொன்னார். வீட்டில் வந்து அதைச் சொன்னபோது கூடலிங்கம் மருந்து நெடியடிக்கும் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தான். "நல்லது" என்றான். சட்டையைக் கொடியில் போட்டுவிட்டு, "எனக்கும் இப்படி இருந்திருந்தா..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் குளிக்கப் போய்விட்டான்.

நல்லதம்பி அதற்கு முந்தின வருஷமே ஒன்றாம் வகுப்பில் சேர்ந்திருந்தான். வாத்தியார் பலப்பத்தை அவன் இடது கையில் கொடுத்து, ஒரு மாதம் பக்கத்தில் உட்கார்ந்து பழக்கினார். எழுத்து கோணலாக வந்தது, ஆனால் வந்தது. வீட்டில் அவன் எழுதும்போது பெரியமுத்து பார்த்துக்கொண்டிருப்பான். ராமுத்தாய் அடுப்பைப் பார்க்கத் திரும்பிக்கொள்வாள். ஆபீசரைப் பார்க்கப் போனது சரியா என்று சாந்தம்மாள் ஒரே ஒரு முறை அவளிடம் கேட்டிருக்கிறாள்.

"போயிருக்கணும்" என்றாள் ராமுத்தாய். "போறதுக்கு முந்தி, இவனை யாரு பாப்பான்னும் சேத்துக் கேட்டிருக்கணும்."